பிரிவுக்கும் ஒரு தவணை வேண்டும்

"ஸபூர் செய்யுங்க மகள், எல்லாம் சரிவரும்."

எங்கள் வீட்டுக்கு வருகின்றவர்கள் ராத்தாவிடம் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை இது. மச்சான் கட்டாருக்குப் போய் இரண்டு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. திருமணம் முடிந்து இரண்டு மாதத்தில் போனவர். ராத்தாவின் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது கடந்துவிட்டது. அவள் தன் வாப்பாவைத் தொலைபேசியில் மட்டுமே கண்டிருக்கிறாள்.

பொறுமையின் சிறப்பை நான் மறுக்கவில்லை. அது ஈமானின் பண்பு. ஆனால் வருகின்ற எல்லோரும் காத்திருப்பவளிடம் மட்டுமே பொறுமையைக் கேட்கிறார்கள். பிரிந்து போனவரும் அவரை அனுப்பி வைத்த குடும்பமும் சுற்றி இருக்கும் சமூகமும் அவளுக்காக என்ன செய்ய வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. உயர்தர வகுப்பில் நான் கற்கும் தமிழும் இஸ்லாமும் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பதைக் கண்டபோது, அதைச் சகோதர மாணவிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்பினேன். வீட்டு விடயங்களை ராத்தாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

பாசறையும் மாளிகையும்

கணவன் தொலைவில் இருக்க மனைவி காத்திருப்பது தமிழ் இலக்கியத்தில் மிகப் பழைய விடயம். தொல்காப்பியர் ஐந்திணைகளை வகுத்தபோது முல்லைத்திணைக்குரிய உரிப்பொருளாக 'இருத்தல்' என்பதைக் கொண்டார். பிரிந்து சென்ற தலைவன் திரும்பி வரும்வரை தலைவி ஆற்றியிருப்பதே அது. கல்வி கற்கச் செல்லுதல், போருக்குச் செல்லுதல், தூது செல்லுதல், பொருள் தேடச் செல்லுதல் எனப் பிரிவுக்குரிய காரணங்களையும் எமது இலக்கணம் பேசுகின்றது.

போருக்குச் சென்றவனின் பிரிவைப் பாடுவது முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான இது 103 அடிகளை உடையது. பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவதாகச் சொல்லி அரசன் போருக்குச் சென்றான். மழை தொடங்கிவிட்டது. அவன் வரவில்லை. அரசி மாளிகையில் கலங்கியிருக்கிறாள்.

அவளது கலக்கத்தைக் கண்ட முதிய பெண்கள் ஊரின் எல்லைக்குச் சென்று, நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நற்சொல் ஏதும் கேட்கின்றதா என்று காத்து நிற்கிறார்கள். அப்போது இடைச்சிறுமி ஒருத்தி, கட்டப்பட்டிருக்கும் கன்றுகளிடம், உங்கள் தாய்ப்பசுக்களை இடையர்கள் ஓட்டி வருகிறார்கள், இப்போதே வந்துவிடும் என்று ஆறுதல் கூறுகிறாள். அந்தச் சொல்லை முதிய பெண்கள் அரசியிடம் கொண்டு வருகிறார்கள். முஸ்லிம்களாகிய நாம் சகுனம் பார்ப்பதில்லை. ஆயினும் இந்தக் காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த முதியவர்கள் அரசியிடம் 'பொறுமையாக இரு' என்று சொல்லிவிட்டு உறங்கப் போகவில்லை. மழைக்கால மாலையில் அவளுக்காக வெளியே இறங்கி நடந்தார்கள்.

அடுத்துப் புலவர் எம்மைப் பாசறைக்கு அழைத்துச் செல்கிறார். காட்டை அழித்து முள்வேலி இட்ட முகாம், கரும்பு உண்ணாமல் நிற்கும் யானை, நீர் வட்டிலில் நாழிகை பார்த்துச் சொல்வோர், காவல் நிற்கும் யவனர் எல்லோரையும் காட்டுகிறார். நடுவே அரசன் உறக்கமின்றி இருக்கிறான். காயப்பட்ட யானைகளையும் இறந்துபோன வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். மாளிகையில் அவள் உறங்கவில்லை, பாசறையில் அவனும் உறங்கவில்லை. பிரிவு இருவருக்கும் உரியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசியை வாட்டியது பிரிவு மாத்திரம் அன்று. அவன் சொன்ன காலம் வந்தும் அவன் வராததே அவளை வாட்டியது. கார்காலம் என்பது அவர்களுக்கிடையே இருந்த தவணை. திருக்குறளின் காமத்துப்பாலிலும் பிரிந்தவன் சென்ற நாட்களைக் குறித்துக் குறித்து விரல் தேய்ந்துபோன ஒரு பெண் பேசுகிறாள். எங்கள் வீட்டுக் கலண்டரில் ராத்தா பேனையால் இடும் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வரும்.

கலீபா மாற்றிய சட்டம்

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு நேரடியான சம்பவம் ஒன்று உண்டு. கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி செய்த கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களில் மக்களின் நிலையறிய நடப்பது வழக்கம். அப்படி நடந்த ஓர் இரவில், ஒரு வீட்டினுள்ளே பெண்ணொருத்தி தன் கணவன் அருகில் இல்லாத துயரைக் கவிதையாகப் பாடுவது அவர்களுக்குக் கேட்டது. விசாரித்தபோது அவளது கணவர் படையோடு நெடுநாளாகத் தொலைவில் இருப்பது தெரியவந்தது.

உமர் (ரலி) அவர்கள் தமது மகளும் நபி (ஸல்) அவர்களின் மனைவியுமான ஹப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் தாங்குவாள் என்று கேட்டார்கள். தந்தையிடம் சொல்லக் கூச்சமான விடயம். ஆயினும் அவர்கள் விடை சொன்னார்கள். அந்த விடை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. போவதற்கு ஒரு மாதம், தங்குவதற்கு நான்கு மாதம், திரும்புவதற்கு ஒரு மாதம் என்று கணக்கிட்டுச் சொல்லும் அறிவிப்பும் உண்டு. அந்தக் காலத்துக்கு மேல் எந்தப் படைவீரரையும் குடும்பத்தைப் பிரித்து வைக்கக்கூடாது என்று கலீபா தளபதிகளுக்குக் கட்டளை அனுப்பினார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை கேட்டிருந்தேன். ராத்தாவின் நிலையோடு வைத்துப் பார்த்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. கலீபா அந்தக் கதவைத் தட்டி 'ஸபூர் செய்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைக் கண்டிக்கவும் இல்லை. பெண்களின் நிலையைப் பெண்ணிடமே கேட்டறிந்து, படையின் சட்டத்தையே மாற்றினார்கள். மனைவியை நெருங்குவதில்லை எனச் சத்தியம் செய்யும் கணவனுக்கு நான்கு மாதம் என்று எல்லை விதிக்கும் இறைவசனமும் சூரா அல்பகராவில் (2:226) உள்ளது. பிரிவு எல்லையற்றதாக இருக்கக்கூடாது என்பதை மார்க்கம் கவனத்தில் எடுத்திருக்கின்றது.

சுற்றியுள்ளோரின் கடமையையும் மார்க்கம் விட்டுவிடவில்லை. அல்லாஹ்வின் பாதையில் சென்ற வீரரின் குடும்பத்தை நல்ல முறையில் பராமரிப்பவர் தாமும் அப்போரில் பங்கெடுத்தவர் போன்றவர் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. போனவரின் வீட்டை அந்த ஊர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

தெக்கோங் தீவின் படகு

இன்றைய படைப்பயிற்சி முகாம்களிலும் இதே உண்மையைக் காணலாம். இலங்கையில் கட்டாய இராணுவ சேவை இல்லை. ஆனால் தமிழ் அரச கரும மொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் 1967 முதல் அது நடைமுறையில் உள்ளது. தமிழர், மலாயர், சீனர் என்ற வேறுபாடின்றி இளைஞர்கள் பதினெட்டு வயதளவில் படையில் சேர்கிறார்கள். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். அவர்களுட் பெரும்பாலானோரின் அடிப்படைப் பயிற்சி தெக்கோங் என்ற தீவில் நடைபெறுகின்றது. பொதுவாக அது ஒன்பது வாரங்கள். தொடக்க நாட்களில் வீட்டுக்கு வர அனுமதியில்லை. பிறகு வார இறுதிகளில் வரலாம்.

அங்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கின்றது. சேரும் நாளில் பெற்றோரும் உறவினரும் அதே படகில் தீவுக்குச் செல்கிறார்கள். மகன் உறங்கப்போகும் கட்டிலைப் பார்க்கிறார்கள். அவன் உண்ணப்போகும் கூடத்தில் தாமும் உண்கிறார்கள். பயிற்சியின் முடிவில் 24 கிலோமீற்றர் நடையும் அணிவகுப்பும் நடக்கும்போது குடும்பத்தார் மீண்டும் அழைக்கப்படுகிறார்கள். போகும் இடம் எது, திரும்பும் நாள் எது என்ற இரண்டும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கின்றது. கவலை அதனால் இல்லாமல் போய்விடாது. ஆனால் கவலைக்கு ஓர் அளவு கிடைத்துவிடுகின்றது.

எமது ஊர் அறிந்த பிரிவுகள்

தவணை இல்லாத பிரிவு எப்படி இருக்கும் என்பதை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் எமது மக்கள் விடுதலைப் புலிகளால் இங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். எப்போது திரும்பலாம் என்று எவரும் சொல்லவில்லை. பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது ஆண்கள் சிலர் வியாபாரத்துக்காகச் சோனகத் தெருவுக்கும் ஐந்து சந்திக்கும் திரும்பி வந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பங்கள் புத்தளத்திலேயே இருந்தன.

எனது வாப்பாவும் அப்படி வந்தவர்தான். மாதம் ஒருமுறை புத்தளம் வருவார். 2006 ஓகஸ்ட் மாதம் முகமாலையில் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது. வாப்பா உள்ளே அகப்பட்டுக்கொண்டார். அடுத்த மாதம் நான் புத்தளத்தில் பிறந்தேன். வாப்பா கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து புத்தளம் வந்து என்னை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஒன்பது மாதம்.

அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி உம்மாவிடம் அண்மையில் கேட்டேன். "சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டது மறந்துபோச்சு. இத்தின நாள் எண்டு ஆராவது சொல்லியிருந்தா எண்ணிக்கொண்டு இருந்திருப்பன். ஒண்டுமே தெரியாததுதான் மனசைத் திண்டது" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ராத்தா ஒன்றும் பேசவில்லை. காரணம் இருந்தது. மச்சானின் வேலை ஒப்பந்தம் இரண்டு வருடம். 2024 பெப்ரவரியோடு அது முடிந்தது. அவர் இன்னும் ஆறு மாதம் நீடித்துக்கொண்டார் என்ற செய்தி ராத்தாவுக்கு மாமியின் வாயால்தான் தெரியவந்தது. மச்சான் மீது குற்றம் சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. போவதற்கு வாங்கிய கடன் இன்னும் இருக்கின்றது. பொருளாதார நெருக்கடி ஏற்பட்ட 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் எமது நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். அவர்களில் மச்சானும் ஒருவர். அங்கே வெயிலில் நின்று உழைப்பவருக்கும் உறக்கம் இராது என்பதை முல்லைப்பாட்டிலிருந்து நான் அறிவேன். ஆனால் தவணையை நீடிக்கும்போது அதை முதலில் அறிய வேண்டியவள் காத்திருப்பவள் அல்லவா?

பிரிவைத் தாங்கச் சில வழிகள்

எங்கள் வீட்டு அனுபவத்திலும் அயலில் உள்ள மற்ற வீடுகளைப் பார்த்ததிலும் இருந்து சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, திரும்பும் திகதி. போகும் முன்பே இருவரும் இருந்து பேசி அதை முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதியும் கடவுச்சீட்டின் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும். திகதியை மாற்ற நேர்ந்தால் மனைவியோடு பேசிய பிறகே மாற்ற வேண்டும். 1985 இல் அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொண்டு செல்வது அவசியம். பிரச்சினை வந்தால் முறைப்பாடு செய்ய அதுவே வழி.

இரண்டாவது, பேசும் நேரம். கட்டாரின் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே இரவு பத்தரை மணி என்றால் அங்கே எட்டு மணி. வேலை முடிந்து அவர் குளித்துச் சாப்பிடும் நேரம் எது, பிள்ளை உறங்கும் நேரம் எது என்று பார்த்து ஒரு நேரத்தை வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தவிப்பு குறைகின்றது. பேச்சும் காசுக் கணக்கோடு முடிந்துவிடக்கூடாது. முற்றத்து முருங்கை காற்றில் முறிந்ததையும் பிள்ளை புதிதாகச் சொன்ன சொல்லையும் சொன்னால்தான் வந்து சேரும் நாளில் அவர் இந்த வீட்டுக்கு அந்நியராக இருக்கமாட்டார்.

மூன்றாவது, பொறுப்பு. அனுப்பும் பணம் மனைவியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மருந்துக்கும் பால்மாவுக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டு நிற்கும் நிலை பிரிவைவிடக் கொடியது. ராத்தா இப்போது தையல் தைக்கிறாள். பெருநாள் காலத்தில் அவளுக்கு நிமிர நேரமில்லை. அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நான்காவது, அயலவர். "எப்ப வாறாராம்?" என்ற கேள்வியை ஒரு நாளில் பத்துப் பேர் கேட்டால் அது ஆறுதலாக இராது. கிளினிக்குக்குத் துணையாகப் போவதும் பிள்ளையை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வதும் நூறு உபதேசங்களைவிட மேலானவை. முதிய பெண்கள் ஊரெல்லைக்கு நடந்ததைப் போல நாமும் ஓர் அடி நடக்க வேண்டும். உம்மா வெளிநாடு சென்று வாப்பாவும் பிள்ளைகளும் காத்திருக்கும் வீடுகளும் பல உள்ளன. அவர்களுக்கும் இதே துணை வேண்டும்.

ஐந்தாவது, உரிமை. பணமும் செய்தியும் இன்றிக் கைவிடப்படும் நிலை ஏற்பட்டால், 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கோரிக் காதி நீதிமன்றத்தை நாடலாம். தக்க காரணம் இருந்தால் பஸஹ் விவாகரத்தையும் கோரலாம். இதை அறிந்து வைத்திருப்பது கணவன் மீது சந்தேகம் கொள்வது ஆகாது. மார்க்கம் தந்த உரிமையை அறிவது எமது கடமை.

திரும்பி வரும் நாள்

வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். வாப்பா ஒன்பது மாதத்தின் பின் வந்து கையை நீட்டியபோது நான் கதறி அழுது உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேனாம். வாப்பா திண்ணையில் போய் இருந்துவிட்டாராம். நான் அவரிடம் போக நான்கு நாட்கள் எடுத்ததாம்.

பயணத்தின் நோக்கம் நிறைவேறியதும் விரைந்து குடும்பத்திடம் திரும்பும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நெடுநாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் திடீரென வீட்டினுள் நுழைவதையும் தடுத்தார்கள். விரைந்து வா, ஆனால் அறிவித்துவிட்டு வா என்ற இரண்டிலும் காத்திருப்பவளின் மனம் மதிக்கப்படுகின்றது. அவள் ஆயத்தமாவதற்கு நேரம் வேண்டும். பிள்ளைக்குப் பழக நாட்கள் வேண்டும். தனியே நின்று வீட்டை நடத்தப் பழகியவளிடமிருந்து சாவிக்கொத்தை ஒரே நாளில் வாங்கிவிடவும் கூடாது.

இந்தக் கட்டுரையின் முதற்பிரதியை ராத்தாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். உமர் (ரலி) அவர்களின் சம்பவம் இருக்கும் பக்கத்தை இரண்டு முறை வாசித்தாள். அன்றிரவு பத்தரை மணி அழைப்பில் அவள் அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "திகதி ஒண்டு சொல்லுங்க. தூரமா இருந்தாலும் பரவாயில்ல, சரியான திகதியாச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. அடுத்த நாள் மச்சான் தன் மேலாளரிடம் பேசிவிட்டு ஒரு திகதி சொன்னார்.

அது ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ராத்தா கலண்டரில் அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்த நாள் கடந்திருக்கலாம், கடக்காமலும் இருக்கலாம். இன்ஷா அல்லாஹ், அவர் வருவார். இப்போதெல்லாம் யாராவது வீட்டுக்கு வந்து "எப்ப வாறாராம்?" என்று கேட்டால், ராத்தா தைப்பதை நிறுத்தாமலே அந்தத் திகதியைச் சொல்கிறாள்.